பேஸ் கிட்டார் பழக எந்த வீடியோவைப் பார்ப்பது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்துவிட்டு "யூடியூப்ல பார்த்துப் பழகு" என்று சொன்ன பெற்றோருக்கும், ஃபோனைப் பார்த்தே ஒரு கலையைக் கற்றுக்கொள்ள நினைக்கும் இளைஞர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறோம்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நால்வர். இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வெவ்வேறு பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். ஒருவர் இந்து, இருவர் கத்தோலிக்கர், ஒருவர் முஸ்லிம். வாணி விழா, ஆசிரியர் தினம், ஒளிவிழா என்று எந்தப் பாடசாலையில் நிகழ்ச்சி என்றாலும் நால்வரும் போய்ப் பிள்ளைகளின் பாட்டுக்கு வாசிப்போம். ஒருவர் கீபோர்ட், ஒருவர் கிட்டார், ஒருவர் பேஸ் கிட்டார், ஒருவர் தாளம். காசுக்கு வாசிப்பதில்லை. மதிய சோற்றுப் பார்சலும் பிளேன்டீயும் கிடைக்கும்.

2022ல் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் அரச ஊழியர்கள் வெளிநாடு போவதற்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எத்தனையோ ஆசிரியர்கள் போனார்கள். எங்கள் பேஸ் கிட்டார்காரரும் பிறகு ஒருநாள் போனார். போகும்போது கிட்டாரையும் சின்ன அம்ப்ளிஃபயரையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் பேஸ் கிட்டார் செய்யும் வேலை என்ன என்பது விளங்கியது. நாற்பது பிள்ளைகள் மேடையில் நின்று பாடும்போது பாட்டு ஓடத் தொடங்கும். பயத்தில் ஓடும், சந்தோசத்திலும் ஓடும். கடைசிச் சரணத்துக்கு வரும்போது சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பின்வரிசைப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். பேஸ் நிதானமாக இருந்தால் பிள்ளைகளும் நிதானமாகப் பாடுவார்கள். அடியில் ஒரு கை பிடித்திருப்பதுபோல. அதைத்தான் ஆங்கிலத்தில் க்ரூவ் என்கிறார்கள். கேட்பவரின் கால் தானாக அசையும், பாடுபவர் அவசரப்பட மாட்டார். அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

ஒளிவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. கிட்டார் வாசிக்கும் எங்கள் கணித ஆசிரியர் பேஸைக் கையில் எடுத்தார். இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் கரோல் கேய் என்ற பெண்மணி முதலில் கிட்டார் கலைஞர். 1963ல் ஓர் ஒலிப்பதிவுக்கு வரவேண்டிய பேஸ் கலைஞர் வராததால் அந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு உலகின் மிகப் புகழ்பெற்ற பேஸ் கலைஞர்களில் ஒருவரானார், மற்றவர்களுக்காகப் பாடநூலும் எழுதினார். எங்கள் நண்பருக்கு அவர் கதையைச் சொல்லித் தைரியம் கொடுத்தோம். வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, மேலதிகக் காசும் இல்லை. ஆகவே வீடியோதான்.

இடையில் ஒரு விசயம். இசை பற்றி எமது சமூகத்தில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அது உலமாக்கள் பேசவேண்டிய இடம், நாங்கள் அதற்குள் போகவில்லை. எங்களில் முஸ்லிமாக இருப்பவர் தட்டுவது றபான். நோன்பு கால இரவுகளில் பக்கீர் பாவாமார் சஹருக்கு எழுப்ப றபான் தட்டிக்கொண்டு வருவதைக் கேட்டு வளர்ந்தவர். சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்து, சிங்களத்தில் பௌத்த பக்திப் பாடல்களும் பாடி நாடு முழுவதும் நேசிக்கப்பட்ட மொஹிதீன் பேக் அவர்களும் எமது சமூகத்தவர்தான். கருத்து வேறுபாட்டை மதிக்கிறோம். இங்கே எழுதுவது கற்றலும் கற்பித்தலும் பற்றியது.

யூடியூபில் பேஸ் க்ரூவ் என்று தேடினால் ஒரு ஆயுளில் பார்த்து முடியாத அளவுக்கு வரும். அவற்றை நாலு வகையாகப் பிரித்தோம்.

முதல் வகை, திறமை காட்டும் வீடியோ. விரல்கள் பறக்கும், தலை சுற்றும், பார்க்கச் சந்தோசமாக இருக்கும். பார்த்த பிறகு எமக்கு ஒன்றும் வாசிக்க வராது.

இரண்டாவது வகை, சாமான் வீடியோ. எந்தக் கம்பி, எந்தப் பெடல், எந்த அம்ப்ளிஃபயர். பாடம்போலத் தொடங்கிக் கடையில் முடியும்.

மூன்றாவது வகை, ஒரு பாட்டை விரல் விரலாகக் காட்டும் வீடியோ. அந்தப் பாட்டு வரும், அடுத்த பாட்டு வராது. பரீட்சைக்கு விடையை மனனம் செய்வது போன்றது.

நாலாவது வகைதான் பாடம். ஒரு சின்ன விசயத்தை எடுத்து, அதைச் செய்துகாட்டி, எம்மைச் செய்யச் சொல்லி, செய்வதற்கு நேரம் தந்து, பிறகு அடுத்ததற்குப் போகும். இந்த வகை குறைவு. ஆனால் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து ஸ்கொட் டிவைன் நடத்தும் ஸ்கொட்ஸ் பேஸ் லெசன்ஸ், மார்க் ஸ்மித் நடத்தும் டோக்கிங் பேஸ் இரண்டிலும் இலவசமாகவே நல்ல பாடங்கள் உண்டு. விக்டர் வூட்டன் என்ற அமெரிக்கக் கலைஞர் 2008ல் "க்ரூவ் வேர்க்ஷொப்" என்று முழு டிவிடியே வெளியிட்டார். யூடியூப் பிறந்தது 2005ல். அதற்கு 20 வருடம் முன்பே, 1985ல், ஜாக்கோ பஸ்டோரியஸ் என்ற மேதையின் பாடம் வீடியோவாக வந்திருக்கிறது. ஆக, வீடியோ பார்த்துப் பழகுவது புதிய விசயமல்ல. புதிதாக வந்தது அளவுக்கு மீறிய தெரிவுதான்.

தெரிவு செய்ய எங்களுக்கு உதவியது கல்வியியற் கல்லூரியில் படித்த பாடத் திட்டமிடல். கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் விரிவுரையாளர் பின்வாங்கில் உட்கார்ந்து எங்கள் பாடத்தைப் பார்த்து மதிப்பிடுவார் அல்லவா? அதே கண்ணோடு வீடியோவைப் பார்த்தோம். ஐந்து கேள்விகள் கேட்டோம்.

1. கற்றல் பேறு என்ன? இந்த வீடியோ முடிந்ததும் எதைச் செய்ய முடியும் என்று ஒரு வரியில் சொல்ல முடியவேண்டும். "க்ரூவை முன்னேற்ற பத்து ரகசியங்கள்" என்றால் ஒரு வரியில் சொல்ல முடியாது. "ஒரு ஸ்வரத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவது" என்றால் சொல்லலாம். இரண்டாவதை எடுத்தோம்.

2. ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார், எமக்கு எவ்வளவு நேரம் தருகிறார்? நல்ல வகுப்பறையில் பிள்ளைதான் அதிகம் வேலை செய்யும். வீடியோவும் அப்படித்தான். "இப்போது நீங்கள்" என்று சொல்லிவிட்டு, தாளத்தை மட்டும் ஓடவிட்டு, காத்திருப்பவர் ஆசிரியர்.

3. இரண்டு கையும் தெரிகிறதா? பேஸில் ஒலியைத் தொடங்குவது ஒரு கை, நிறுத்துவதில் மற்றக் கைக்குப் பெரும் பங்கு. தட்டும் கையை மட்டும் காட்டும் வீடியோவில் பாதிப் பாடம் இல்லை.

4. பேஸ் தனியாகவும் ட்ரம்ஸோடு சேர்ந்தும் கேட்கிறதா? தனியாக நன்றாக இருப்பது சேர்ந்து வாசிக்கும்போது பொருந்தாமல் போகலாம். க்ரூவ் என்பது இரண்டுபேர் விசயம். பொப் மார்லியின் பாடல்களில் பேஸ் அஸ்டன் பரட், ட்ரம்ஸ் அவருடைய தம்பி கார்ல்டன் பரட். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் வருவார்.

5. மெதுவாகச் செய்து காட்டுகிறாரா? யூடியூபில் வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆக்கினால் சுருதி மாறாது, வேகம் மட்டும் குறையும். நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாட்டு 75 ஆகும். இந்த வசதியைக் கட்டாயம் பாவியுங்கள். ஆனால் ஆசிரியரே மெதுவாக வாசித்துக் காட்டினால் அவர் மாணவனை நினைத்துப் பாடம் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஐந்தில் நாலுக்காவது ஆம் என்று பதில் வந்தால்தான் எடுத்தோம். எடுத்தபின் ஒரு சட்டம்: ஒரு கிழமைக்கு ஒரே ஒரு வீடியோ. திங்கள் பார்ப்பது, அதன்பின் ஆறு நாள் அதைச் செய்வது. அடுத்த வீடியோ எவ்வளவு ஆசை காட்டினாலும் தொடுவதில்லை. யூடியூப் வலது பக்கத்தில் வரிசையாகக் காட்டிக்கொண்டே இருக்கும். அது உண்டியல் குலுக்குவது போன்றது. காது கொடுத்தால் வேலை நடக்காது.

ஃபோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். அடுத்த மூன்றும் 55, 73, 98. ஃபோனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தர முடியாது. நாம் கேட்பது அதன் மேல் ஒலிகளை மட்டுமே. ஆகவே பேஸ் பாடத்தை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பது, சாப்பாட்டைப் படத்தில் பார்ப்பது போன்றது. இயர்போன் வேண்டும், அதுவும் வயர் உள்ளது. புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாட்டில் ஒரு அடி 0.6 செக்கன், கால் அடி 0.15 செக்கன். புளூடூத்தின் தாமதம் சில வேளை அந்தக் கால் அடியளவுக்கு வந்துவிடும். தன் கிட்டாரின் ஒலியையே அதன் வழியாகக் கேட்டு வாசிக்கும் பிள்ளை, தாளம் தனக்கு வராது என்று நினைத்துக் கவலைப்படும். பிழை காதிலும் இல்லை, கையிலும் இல்லை.

இனி நாங்கள் செய்தது.

முதல் கிழமை ஒரே ஒரு ஸ்வரம். மெட்ரோனோமை 60ல் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. முதலில் அடுத்த அடி வரை நீட்டி, பிறகு பாதியில் நிறுத்தி, பிறகு காலில் நிறுத்தி. கேட்க ஒன்றுமில்லாத வேலை. வீட்டில் "இன்னும் பழகலியா?" என்று கேட்டார்களாம். ஆனால் மூன்றாம் நாளே வித்தியாசம் கேட்டது. ஸ்வரம் தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம்தான் பாட்டின் நடையை மாற்றுகிறது. எங்கள் றபான் நண்பர் "இதைத்தானே உள்ளங்கையால அமத்துறோம்" என்றார். உண்மை. றபானில் தட்டுவது பாதி, அமத்துவது பாதி.

இரண்டாம் கிழமை மெட்ரோனோமைப் பாதியாகக் குறைத்தோம். பாட்டு 80ல் ஓடுகிறது என்றால் மெட்ரோனோம் 40. அந்த ஒலியை இரண்டாம், நாலாம் அடியாகக் கேட்டு வாசிக்கவேண்டும். ஒன்றும் மூன்றும் எம் மனதிலிருந்து வரவேண்டும். அது பழகியபின் 20. நாலடிக்கு ஒரு தடவைதான் சத்தம். ஊன்றுகோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுபோல. உளவியல் பாடத்தில் வைகொட்ஸ்கி சொன்னது ஞாபகம் வந்தது: தனியாகச் செய்ய முடிவதற்கும் உதவியோடு செய்ய முடிவதற்கும் இடையில்தான் கற்றல் நடக்கிறது. பிறகு உதவியைக் குறைக்கவேண்டும். இதைச் செய்யச் சொல்லும் வீடியோதான் எங்களுக்கு அதிகம் உதவியது. அது பத்து நிமிடம்கூட இல்லை.

மூன்றாம் கிழமை கேட்பது மட்டும். மோடவுன் இசை நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் எத்தனையோ புகழ்பெற்ற பாட்டுகளுக்கு வாசித்தவர். வலது கையின் ஒரே ஒரு விரலால் வாசித்தார். 1971ல் வந்த மார்வின் கேயின் "வட்ஸ் கோயிங் ஒன்" இசைத்தட்டில்தான் அவர் பெயர் அச்சில் வந்தது. அத்தனை வருடமும் உலகம் அவர் வாசிப்புக்கு ஆடியது, பெயர் தெரியாமல். ஒளிவிழாவில் திரைக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. இளையராஜாவையும் கேட்டோம். 1982ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படப் பாட்டுகளில் பேஸ் தனியாக இன்னொரு பாட்டே பாடும். கேட்கவேண்டும், ஆனால் அங்கிருந்து பழகத் தொடங்கக்கூடாது. நிற்கப் பழகியபின்தான் நடக்கலாம்.

நாலாம் கிழமை சிக்கல் வந்தது. பிள்ளைகளின் பாட்டு பைலா நடையில் இருந்தது. பைலா எமது நாட்டுச் சொத்து. போர்த்துக்கீசர் காலத் தொடர்பும் கஃபிரிஞ்ஞா நடையும் கலந்து வந்து, வொலி பஸ்டியன்ஸ் முதல் ஜிப்ஸீஸ் சுனில் பெரேரா வரை வளர்ந்தது. தமிழில் ஏ.ஈ. மனோகரனின் "சுராங்கனி" தெரியாத வீடு இல்லை. இதன் தாளம் ஆறு எண்ணிக்கை. அந்த ஆறை மூன்று மூன்றாக இரண்டு தடவையும் எண்ணலாம், இரண்டு இரண்டாக மூன்று தடவையும் எண்ணலாம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஓடும்போதுதான் இடுப்பு அசையும். நாங்கள் சேர்த்து வைத்திருந்த வீடியோக்கள் எல்லாம் நாலு எண்ணிக்கை. டிட்ரொயிட்டுக்கும் ஜமைக்காவுக்கும் பாடம் இருந்தது, கொட்டாஞ்சேனைக் கல்யாண வீட்டுக்கு இல்லை.

அதற்குக் கொட்டாஞ்சேனையிலேயே ஆள் இருந்தார். பல வருடம் கல்யாண வீடுகளில் பேஸ் வாசித்த ஒரு அங்கிள். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். எங்கள் நண்பர் வாசித்துக் காட்டினார். அங்கிள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா சனம் கால் வைக்க இடமில்ல. கொஞ்சம் இடம் விடுங்க."

பிறகு அவர் வாசித்தார். ஆறு எண்ணிக்கையில் நாலு தட்டு வாசித்த இடத்தில் அவர் இரண்டு தட்டினார். கால் தானாக அசைந்தது. "நான் யாரோட வீடியோவ பார்த்தேன்? ஆடுற ஆக்களோட காலத்தான் பார்த்தேன்" என்றார். மூன்று ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு நாளும் எங்கள் அனுமதியோடு ஒரே குறை: கூடத் தட்டுகிறீர்கள்.

இதிலிருந்து வீடியோ வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று கிழமை வேலை இல்லாமல் போயிருந்தால் அங்கிள் சொன்னது எங்களுக்கு விளங்கியே இருக்காது. ஸ்வரத்தை நிறுத்தத் தெரிந்த கைக்குத்தான் "இடம் விடு" என்ற சொல் பாடமாகும். ஆனால் வீடியோவுக்கு எம்முடைய வாசிப்பு கேட்காது. எவ்வளவு நல்ல ஆசிரியர் என்றாலும் திரைக்குள் இருந்து "கூடத் தட்டுகிறாய்" என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். மனிதர் கிடைக்காத நாட்களில் ஃபோன் ரெக்கோர்டர் வேண்டும். வாசித்ததைப் பதிந்து, மறுநாள் காலையில் கேட்டுப் பாருங்கள். அதைவிட நேர்மையான பரீட்சகர் இல்லை.

ஒளிவிழா நல்லபடியாக நடந்தது. பாட்டு தொடங்கிய வேகத்திலேயே ஏறக்குறைய முடிந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் கடைசிச் சரணத்தையும் வாய்விட்டுப் பாடினார்கள். பேஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். "இப்ப நான் வராட்டியும் பரவாயில்ல போல" என்று பதில் போட்டார். சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

பெற்றோருக்குச் சுருக்கமாக: பிள்ளை எத்தனை வீடியோ பார்த்தது என்று கேட்காதீர்கள். இந்தக் கிழமை எந்த ஒன்றைப் பழகினாய், வாசித்துக் காட்டு என்று கேளுங்கள். வயர் உள்ள இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாதச் சந்தா கட்டும் பாடங்களுக்குப் போகுமுன், இலவசமாக இருக்கும் ஒரு நல்ல பாடத்தைப் பிள்ளை ஆறு நாள் விடாமல் செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம். செய்யாவிட்டால் சந்தாவும் உதவாது. பிறகு, சேர்ந்து வாசிக்க இன்னொரு பிள்ளையைத் தேடிக் கொடுங்கள். இந்து வீட்டிலோ, கத்தோலிக்க வீட்டிலோ, எங்கள் வீட்டிலோ இருக்கலாம். கொழும்பில் பத்து நிமிட நடைக்குள் யாராவது இருப்பார்கள்.

உங்கள் வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய பேஸ் கிட்டார் இருந்தாலும், பாவிக்காத அம்ப்ளிஃபயர் இருந்தாலும், பழைய கல்யாண வீட்டு இசைக்குழுவில் வாசித்த அப்பாவோ மாமாவோ இருந்தாலும் எங்களுக்குச் சொல்லுங்கள். கிட்டாரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அப்பாவையும் மாமாவையும் பின்னேரத்தில் வந்து கேட்டுப் பழகுவோம்.